வெங்கச்சங்கல்லுக்குள் இருக்கும் சொட்டு நீர் அடம்பிடித்தால் என்ன செய்வது

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம், 18 வருஷமாகக் கல் அறுத்துத் தேய்த்து அதற்குள் இருக்கும் இன்க்ளூஷனை அளந்து கொடுக்கும் வேலை பார்க்கிறேன். கோயம்புத்தூர்ப் பிள்ளைகள் வந்தால் 'அண்ணா' என்பார்கள், திருச்சூர்ப் பிள்ளைகள் 'சேட்டா' என்பார்கள். கையில் இருப்பது என்னவோ ஒரே மாதிரி கல்: அட்டப்பாடி கோட்டத்தறைப் பக்கத்து வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்), இல்லையென்றால் தேவாலா, பந்தலூர்ப் பக்கத்துத் தங்க ரேகை. கோளாறும் ஒரே மாதிரிதான். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்தது இது.

இன்க்ளூஷன் என்றால் கனிமம் வளரும்போதோ, பின்னால் விரிசல் விட்டு ஆறும்போதோ உள்ளே மாட்டிக்கொண்ட நீரும் வாயுவும். சிப் என்று நான் சொல்வது இரண்டு பக்கமும் பாலிஷ் செய்த மெல்லிய கல் துண்டு. ஸ்டேஜ் என்பது மைக்ரோஸ்கோப்பின் கீழே அந்தச் சிப்பைக் குளிர்வித்தும் சூடாக்கியும் பார்க்கும் கருவி. உறையவைத்த பனி உருகும் எண்ணிலிருந்து நீரின் உப்பும், சூடாக்கிக் குமிழி மறையும் எண்ணிலிருந்து கல் உருவான வெப்பநிலையின் கீழ் எல்லையும் கிடைக்கும். தியரி இவ்வளவு போதும், மீதி உங்கள் சாருக்குத் தெரியும். "ஸ்டேஜ் கெட்டுப்போச்சு" என்று வருகிறவர்களில் பெரும்பாலோர் உண்மையில் சிப்பைத்தான் கெடுத்து வைத்திருப்பார்கள். அதனால் ஒவ்வொரு தலைப்பிலும் காசு செலவில்லாததை முதலில் எழுதியிருக்கிறேன். மேலிருந்து கீழே வாருங்கள், சரியானதும் நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு முன்வேலை. எண் முன்பே தெரிந்த, செயற்கையாகச் செய்த ஸ்டாண்டர்ட் சிப் லேப்பில் கட்டாயம் இருக்கும். அதில் மூன்று எண் பார்த்து நோட்டில் தேதியோடு எழுதுங்கள்: உறைந்த கார்பன் டை ஆக்சைடு உருகுவது மைனஸ் 56.6, சுத்தமான நீரின் பனி உருகுவது 0.0, சுத்தமான நீரின் கிரிட்டிகல் புள்ளி (நீரும் ஆவியும் வேறுபாடு இல்லாமல் ஒன்றாகும் இடம்) 374.1 டிகிரி. இந்த மூன்றும் கையில் இல்லாமல் இயந்திரத்தைக் குறை சொல்லாதீர்கள்.

மைக்ரோஸ்கோப்பில் ஒன்றுமே தெரியவில்லை

சிப் முழுக்க மங்கலாக, பால் பாடை படிந்த மாதிரி இருக்கிறதா? மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு அதன் வழியாகப் பாருங்கள். உடனே தெளிந்தால் பாலிஷ் போதவில்லை. பெரும்பாலும் மேல்பக்கம் கண்ணாடியாக இருக்கும், அடிப்பக்கம் சொரசொரப்பாகவே விட்டிருப்பார்கள். இந்த வேலைக்கு இரண்டு பக்கமும் பாலிஷ் வேண்டும். தண்ணீர் விட்டும் தெளியவில்லை என்றால் கல்லே பால் நிறம், அதாவது இன்க்ளூஷன் அளவுக்கு மேல் நிறைந்த கல். அதை 80, 100 மைக்ரான் வரை தேய்க்கலாம். தெளிவான குவார்ட்ஸ் என்றால் 200 மைக்ரான்கூடப் பரவாயில்லை. வகுப்பில் பாறை பார்க்கத் தரும் 30 மைக்ரான் ஸ்லைடு ஆகாது. பாதி இன்க்ளூஷன் அறுபட்டுத் திறந்து போயிருக்கும். மீதியும் ஹாட் பிளேட் சூட்டில் அடிபட்டிருக்கும்.

சூடு என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். உருக்கி ஒட்டும் பசை வேண்டாம். சூப்பர் க்ளூவில் ஒட்டி, வேலை முடிந்ததும் ராத்திரி முழுக்க அசிட்டோனில் ஊறப் போட்டால் சிப் தானாகக் கழன்று வரும். ஊற வைக்க அவசரப்பட்டால் பசை மிச்சம் ஒட்டிக்கொண்டு வரும், அதில் குமிழியும் இருக்கும். ஒரு பையன் மத்தியானம் வரை ஒரு குமிழியைச் சூடாக்கிக்கொண்டே இருந்தான். அழகான உருண்டை, சுற்றிக் கறுப்பு வளையம். 150 டிகிரியில் அது மெல்ல நகர்ந்து ஓரத்துக்குப் போனது. "அண்ணா, இன்க்ளூஷன் நடக்குது" என்றான். பசைதான் இளகி ஓடியிருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க ஃபோகஸ் திருகை மேலும் கீழும் திருப்பினால் போதும். பசைக் குமிழிகள் எல்லாம் சிப்பின் மேற்பரப்பிலோ அடிப்பரப்பிலோ ஒரே மட்டத்தில் நிற்கும். நிஜமான இன்க்ளூஷன் நடு ஆழத்தில் இருக்கும், ஒன்றுக்கொன்று மட்டம் மாறும்.

அடுத்தது வெளிச்சம். கண்டென்சர் (அடியிலிருந்து வெளிச்சத்தைக் குவிக்கும் வில்லை) வாயைக் கொஞ்சம் சுருக்கினால் விளிம்புகள் எடுப்பாகும். அப்படியும் 5 மைக்ரானுக்குக் கீழே உள்ளவைதான் கிடைக்கின்றன என்றால் நேரத்தை வீணாக்காமல் வேறு சிப் எடுங்கள். 10 மைக்ரானுக்கு மேல் இருந்தால்தான் கண் வலிக்காமல் அளக்க முடியும். மூன்று சிப் மாற்றியும் இல்லையா? கல்லை மாற்றுங்கள். இதற்கு எந்த நிபுணரும் தேவையில்லை.

ஸ்டேஜ் ஜன்னலில் பனி படிந்து படம் மறைகிறது

ஜூன் முதல் ஆகஸ்டு வரை இங்கே தினமும் இதுதான். முதலில் பனி வெளியிலா உள்ளேயா என்று பார்க்க வேண்டும். டிஷ்யூ பேப்பரால் மூடியின் கண்ணாடியைத் துடையுங்கள். போய்விட்டால் வெளிப்பனி. கண்ணாடி மேல் உலர்ந்த நைட்ரஜன் ஊதும் சின்னக் குழாய் வேறு பக்கம் திரும்பியிருக்கும், அதை நேராக வையுங்கள்.

துடைத்தும் போகவில்லையென்றால் உள்ளே ஈரம் இருக்கிறது. மூடியைப் போட்டதும் நேரே குளிர்விக்க ஆரம்பித்திருப்பீர்கள். அறைவெப்பத்திலேயே சில நிமிடம் நைட்ரஜன் வாயுவை விட்டு உள்காற்றை விரட்டிவிட்டு அப்புறம் இறக்க வேண்டும். சிப் அசிட்டோனில் கழுவி நன்றாக உலர்ந்ததா, மூடியை அடைக்கும் ஓ-ரிங் வளையத்தில் தலைமுடி, தூசி உண்டா என்றும் பாருங்கள்.

குளிரவே இல்லையென்றால் வேறு கதை. டிவார் (திரவ நைட்ரஜன் வைக்கும் குடுவை) காலியா என்று ஆட்டிப் பாருங்கள். எங்கள் பக்கம் மாட்டுச் சினை ஊசிக்கு நைட்ரஜன் கொண்டுவரும் வண்டி வரத் தாமதமானால் பாதி நாள் இப்படித்தான் ஓடும். டிவார் நிறைந்திருந்தும் வரவில்லையென்றால் உறிஞ்சு குழாயில் பனி அடைத்திருக்கும். குழாயை வெளியே எடுத்து அறைச் சூட்டுக்கு வரவிட்டு, தலைமுடி உலர்த்தும் டிரையரால் உலர்த்தி மாட்டுங்கள். தீ காட்டக் கூடாது. டிவார் வாயை இறுக்கி அடைக்கவும் கூடாது, வாயு வெளியேற வழியில்லாமல் வெடிக்கும். மழை அடிக்கிறது என்று எல்லா ஜன்னலையும் சாத்திவிட்டு நைட்ரஜனை ஓட விடாதீர்கள். அறைக் காற்றில் ஆக்சிஜன் குறைவது மூக்குக்குத் தெரியாது, நேரே மயக்கம்தான். இவ்வளவும் பார்த்த பிறகும் பம்ப் சத்தமே போடவில்லை என்றால் அப்போது சர்வீஸ்காரரைக் கூப்பிடுங்கள். பம்பை நீங்களே கழற்ற வேண்டாம்.

மைனஸ் 40 வரை இறக்கியும் உறையவில்லை

இது கோளாறே இல்லை. சொட்டு சின்னதாக இருந்தால் நீர் லேசில் உறையாது. பயப்படாமல் மைனஸ் 100 வரை இறக்குங்கள். உறையும் கணத்தில் குமிழி சட்டென்று நசுங்கும் அல்லது மறையும். பனி பெருத்து இடத்தைப் பிடிப்பதால் அப்படி. கண் இமைத்தால் தவறவிடுவீர்கள், அதனால் முதல் தடவை வீடியோ எடுத்து வையுங்கள்.

மைனஸ் 100-லும் ஒன்றும் ஆகவில்லையா? உள்ளே முழுக்க இருட்டாக, தடித்த கறுப்பு விளிம்போடு இருந்தால் அது காலி. எப்போதோ கசிந்துபோயிருக்கிறது, விட்டுவிடுங்கள். உள்ளே இருப்பது தெளிவாக இருந்து, மேலே ஏற்றும்போது திடீரென்று பழுப்பாகிச் சொரசொரத்தால், கால்சியம் உப்பு நிறைந்த நீர் கண்ணாடி மாதிரி இறுகிப்போய் ஏறும் வழியில்தான் பனியாகிறது என்று அர்த்தம். அளக்கலாம், பொறுமை மட்டும் வேண்டும். இரண்டும் இல்லையென்றால் ஸ்டாண்டர்ட் சிப்பைப் போட்டு மைனஸ் 56.6 வருகிறதா பாருங்கள்.

பனி பூஜ்யத்துக்கு மேல் உருகுகிறது

இந்த ஒன்றுக்காகத்தான் எனக்கு அதிகமாகப் போன் வரும். "ப்ளஸ் 7-ல் உருகுது சேட்டா, மெஷின் தப்பு." மெஷின் சரியாகத்தான் இருக்கும்.

முதல் சந்தேகம் கார்பன் டை ஆக்சைடு. தென்னிந்தியத் தங்க ரேகைகளில் இது இல்லாத கல்லைத்தான் தேட வேண்டும். அது நீரோடு சேர்ந்து கிளாத்ரேட் என்னும் பனி மாதிரி ஒன்றாகும். உப்பில்லாத நீரில் அது 10 டிகிரியில்தான் உருகும், உப்பு கூடக் கூட இறங்கும். நீங்கள் பார்த்தது பனியல்ல, கிளாத்ரேட்.

எப்படி உறுதி செய்வது? குமிழிக்குள் குமிழி இருக்கிறதா பாருங்கள். வெளியே நீர், அதற்குள் திரவ கார்பன் டை ஆக்சைடு வளையம், நடுவில் வாயு. இங்கே ஒரு உள்ளூர்ச் சிக்கல் உண்டு. கார்பன் டை ஆக்சைடின் திரவமும் வாயுவும் 31.1 டிகிரிக்கு மேல் தனித்தனியாக இருக்க முடியாது. மார்ச், ஏப்ரலில் பாலக்காட்டு வெயிலில் ஏசி இல்லாத அறை அதைத் தாண்டிவிடும். டிசம்பரில் இரட்டைக் குமிழி தெரிந்த அதே சிப்பில் சித்திரை மாசம் ஒற்றைக் குமிழிதான் தெரியும். "போன தடவை இருந்தது, இப்போ காணோம், கசிந்துவிட்டதா?" என்று ஒரு பெண் கண் கலங்க வந்து நின்றாள். சிப்பை 15 டிகிரிக்கு இறக்கிக் காட்டினேன். நடுவில் நூல் மாதிரி ஒரு கோடு வந்து, வளையமாகி, உள்குமிழி துள்ள ஆரம்பித்தது. அப்புறம்தான் அவள் டீ குடித்தாள்.

அடுத்து மைனஸ் 100-க்கு இறக்கி மெல்ல ஏற்றுங்கள். உறைந்த கார்பன் டை ஆக்சைடு மைனஸ் 56.6-ல் உருகினால் ஏறக்குறைய சுத்தம். மைனஸ் 58, 59 என்று கீழே போனால் மீத்தேனோ நைட்ரஜனோ கலந்திருக்கிறது. எது, எவ்வளவு என்று ஸ்டேஜை வைத்துச் சொல்ல முடியாது. அதற்கு லேசர் ராமன் கருவி வேண்டும். அது உள்ள ஆய்வகத்துக்கு எழுதிக் கேட்க வேண்டிய இடம் இதுதான். வெளியாள் உதவி இல்லாமல் இதற்கு மேல் போகாதீர்கள்.

கிளாத்ரேட் இருக்கும்போது பனி உருகிய எண்ணை வைத்து உப்பு கணக்குப் போடக் கூடாது. கிளாத்ரேட் கொஞ்சம் நீரைத் தனக்கு எடுத்துக்கொள்வதால் மிச்ச நீர் இருப்பதைவிட உப்பாகக் காட்டும். கிளாத்ரேட் உருகும் எண்ணிலிருந்துதான் கணக்கு: 8 டிகிரி என்றால் உப்பு எடையில் சுமார் 4 சதவீதம், 6 டிகிரி என்றால் சுமார் 7.5. பத்துக்கு மேல் வந்தால் மீத்தேன் கலப்பு, அந்தக் கணக்கும் செல்லாது.

கிளாத்ரேட் கண்ணுக்குத் தெரியாது, ஒளி அதில் வளைவதும் நீரில் வளைவதும் ஏறக்குறைய ஒன்றே. ஏற்றி இறக்கிப் பார்ப்பதே வழி. 5 டிகிரிக்கு ஏற்றி, சட்டென்று இரண்டு மூன்று டிகிரி இறக்குங்கள். மிச்சம் இருந்தால் அது உடனே வளர்ந்து குமிழியை ஒரு பக்கம் நெளிக்கும். 5.5-க்கு ஏற்றித் திரும்ப இறக்குங்கள். இப்படியே போய், எந்த எண்ணுக்கு அப்புறம் இறக்கினாலும் குமிழி நெளியாமல் உருண்டையாகவே இருக்கிறதோ, அதற்கும் முந்தைய எண்ணுக்கும் நடுவில் விடை.

கார்பன் டை ஆக்சைடு துளியும் இல்லை, ஆனாலும் ப்ளஸ் 3-ல் உருகுகிறது என்றால், உறைந்தபோது மறைந்த குமிழி திரும்பி வராமலே இருந்ததா என்று நினைத்துப் பாருங்கள். குமிழி இல்லாத சொட்டில் பனி அழுத்தத்தில் மாட்டிக்கொண்டு, உருக வேண்டிய இடத்தைத் தாண்டியும் நிற்கும். குமிழி பொத்தென்று வரும்போதுதான் அத்தனையும் ஒரே நொடியில் உருகும். அந்த எண்ணை அடித்துவிடுங்கள். குமிழி கூடவே இருக்கும்போது உருகுவதுதான் கணக்கு.

உருகும் எண் மைனஸ் 21.2-க்கும் கீழே

சமையல் உப்பு மட்டும் கலந்த நீரில் பனி மைனஸ் 21.2-க்குக் கீழே கடைசியாக உருக வழியே இல்லை. ஸ்டாண்டர்டில் பூஜ்யம் சரியாக வருகிறதா பாருங்கள். வந்தால் கால்சியம் உப்பு இருக்கிறது. பனி உருகத் தொடங்கும் முதல் ஈரம் மைனஸ் 50 பக்கத்திலேயே தெரியும். உப்பு கணக்குக்கு வேறு அட்டவணை, அவ்வளவுதான்.

குமிழி மறையும் வெப்பநிலை சிதறிக் கிடக்கிறது

ஒன்று 160, அடுத்தது 340, இன்னொன்று 225. இதில் நானே வசமாக மாட்டியிருக்கிறேன். ஆரம்ப காலத்தில் ஒரு ஆய்வாளருக்கு அறுபது இன்க்ளூஷன் அளந்து, சராசரி 240 டிகிரி என்று சுத்தமாக டைப் அடித்துக் கொடுத்தேன். அவர் தாளைப் புரட்டிவிட்டு, "இதில் 240 எங்கே?" என்று கேட்டார். பாதி 170 பக்கம், மீதி 310 பக்கம். 240-ல் ஒரு இன்க்ளூஷன்கூட இல்லை. தாளை மடித்துத் திரும்பக் கையில் கொடுத்துவிட்டார். அன்றைக்கு முதல் சராசரி எழுதுவதை விட்டேன்.

எனவே முதல் வேலை, இயந்திரத்தை அணைத்துவிட்டு வரைபடம் போடுவது. குறைந்த உருப்பெருக்கத்தில் சிப்பை ஒரு தாளில் வரைந்து, இன்க்ளூஷன்கள் எந்த வரிசையில் நிற்கின்றன என்று குறியுங்கள். படிகத்தின் வளர்ச்சிப் பட்டையை ஒட்டி நிற்பவை கல் வளரும்போது மாட்டியவை. ஒரு படிக மணியிலிருந்து பக்கத்து மணிக்குள் எல்லையைத் தாண்டி நேர்க்கோட்டில் ஓடுபவை, கல் வளர்ந்து முடிந்து பல காலம் கழித்து விரிசலில் புகுந்தவை. இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டால் சிதறாமல் என்ன செய்யும்? ஒரு வரிசையை ஒரு குடும்பமாக எடுத்து அளந்தால், பெரும்பாலானவை 10, 15 டிகிரிக்குள் ஒட்டி நிற்க வேண்டும்.

ஒரே குடும்பத்துக்குள்ளும் சிதறினால் வடிவத்தைப் பாருங்கள். வால் நீண்டு, பக்கத்து இன்க்ளூஷனைச் சுட்டுவது மாதிரி கூராக இருக்கிறதா? அது முன்பு ஒன்றாக இருந்து பிறகு இடுப்பு ஒடிந்து இரண்டானது. ஒன்றுக்குக் குமிழி அதிகமாகப் போயிருக்கும், மற்றதுக்கு நீர். இரண்டும் பொய் சொல்லும். சூடாக்குவதற்கு முன்பே கண்ணால் கழித்துவிடலாம். குமிழி எத்தனை பங்கு என்று பார்த்தால் ஒரே குடும்பத்தில் அது ஒத்துப்போக வேண்டும்.

ஒத்துப்போகாத ஒன்று மட்டும் கழிக்கக் கூடாதது. ஒரே வரிசையில் சிலவற்றில் நீர் நிறைய, சிலவற்றில் வாயு நிறைய இருந்து, ஒன்று நீராகவும் மற்றது வாயுவாகவும் ஒரே வெப்பநிலையில் ஒன்றாகிவிட்டால், அந்த நீர் கொதித்துக்கொண்டிருந்தபோது மாட்டியது. தங்கம் படிவதற்கு அது முக்கியமான சாட்சி. அவசரத்தில் சிதறல் என்று தள்ளிவிடாதீர்கள்.

இத்தனையும் சரி, இன்னும் சிதறுகிறது என்றால் அதே இன்க்ளூஷனை இரண்டாவது தடவை அளங்கள். முதலில் 185, இப்போது 198 என்று ஏறினால் அது இழுபட்டுவிட்டது, அதாவது உள்ளறை பெரிதாகிவிட்டது. கால்சைட், ஃப்ளோரைட், பேரைட் மாதிரி மெத்தென்ற கனிமங்களில் இது சாதாரணம். உறையவைத்தாலே பனி இழுத்துவிடும். அவற்றில் முதலில் சூடாக்கி அளந்துவிட்டு அப்புறம் உறையவையுங்கள். குவார்ட்ஸில், முக்கியமாகக் கார்பன் டை ஆக்சைடு இருந்தால், தலைகீழ்: முதலில் உறையவை, பிறகு சூடாக்கு.

கடைசியாகத்தான் இயந்திரம். சிப் பெரிதா? விரல் நகத்தின் பாதிக்கு மேல் வேண்டாம். நடுவில் இருக்கிறதா, ஓரத்திலா? ஸ்டாண்டர்டை நடுவிலும் ஓரத்திலும் வைத்து வித்தியாசம் எழுதுங்கள். நிமிடத்துக்கு 20 டிகிரி வேகத்தில் ஏற்றிக்கொண்டே எண்ணைப் படித்தீர்களா? மறையும் நேரம் நெருங்கும்போது நிமிடத்துக்கு ஒரு டிகிரிக்குக் குறைக்க வேண்டும்.

குமிழி மறைவதற்குள் வெடித்துவிடுகிறது

சத்தம் கேட்காது. திடீரென்று கறுத்து, சுற்றிலும் சிறகு மாதிரி விரிசல் விடும். கார்பன் டை ஆக்சைடு நிறைந்தவற்றில் இப்படித்தான், அழுத்தம் கல் தாங்குவதை மீறிவிடும். பெரியவை முதலில் போகும், அதனால் சின்னதாகத் தேர்ந்தெடுங்கள். எல்லாமே வெடித்தால் வெடித்த வெப்பநிலையைக் குறித்து, 'இதற்குக் குறையாது' என்று மட்டும் எழுதுங்கள். ஒரு வெடிப்பு பக்கத்தில் உள்ளதையும் கெடுத்திருக்கலாம். எனவே ஒரே சிப்பில் தொடர வேண்டாம்.

ஐசோடோப்பு முடிவு முன்னுக்குப் பின் முரணாக வந்திருக்கிறது

ஐசோடோப்பு என்றால் ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்கள். அவற்றின் விகிதம் ஒரு ஸ்டாண்டர்டிலிருந்து ஆயிரத்துக்கு எவ்வளவு விலகுகிறது என்பதே கீழே வரும் எண், அலகு பெர்மில். அதை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் எங்களிடம் கிடையாது, பொடியைப் பொட்டலம் கட்டி அனுப்புவதுதான் எங்கள் வேலை. அதனால் தப்பு நடக்கும் இடம் பெரும்பாலும் பொட்டலம்தான்.

ஒரே குவார்ட்ஸின் இரண்டு பொட்டலம், இரண்டு விதமான ஆக்சிஜன் எண். மிச்சம் வைத்த பொடியை வெள்ளைத் தட்டில் கொட்டி லென்ஸில் பாருங்கள். ஃபெல்ட்ஸ்பார் துணுக்கு, மைக்கா மினுக்கு, மணியைச் சுற்றி இரும்புக் கறை. கையால் பொறுக்கியது போதவில்லை. கார்பனேட் இருந்தால் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போய்விடும். ஃபெல்ட்ஸ்பாரை ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்தில் கரைக்கலாம் என்று யாராவது சொன்னால், அதற்கான ஹூட்டும், கால்சியம் குளுக்கோனேட் ஜெல்லும், பழகிய ஆளும் இல்லாத இடத்தில் பாட்டிலைத் திறக்கவே வேண்டாம். தோலில் பட்டது முதலில் வலிக்காது, எலும்பு வரை போன பிறகுதான் தெரியும். இதைச் செய்யத் தெரிந்த ஆய்வகத்திடம் விட்டுவிடுங்கள்.

பொடி சுத்தமாக இருந்தால் ரேகையைப் பாருங்கள். ஓரத்தில் சாம்பல் குவார்ட்ஸும் நடுவில் வெள்ளைக் குவார்ட்ஸுமாக இரண்டு தலைமுறை இருக்கலாம். அதற்கும் பிறகு, அதே நாளில் ஓட்டிய என்பிஎஸ் 28 என்னும் குவார்ட்ஸ் ஸ்டாண்டர்டின் எண் என்ன என்று ஆய்வகத்திடம் கேளுங்கள். அது 9.6 பெர்மில் பக்கத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் திரும்ப ஓட்டித் தரச் சொல்வது உங்கள் உரிமை.

எண் சரி, ஆனால் நீர் எங்கிருந்து வந்தது என்பது ஆளுக்கு ஆள் மாறுகிறது. காரணம் நீங்கள் போட்ட வெப்பநிலை. குவார்ட்ஸுக்கும் நீருக்கும் உள்ள வித்தியாசத்துக்கு வழக்கமான கணக்கு: 33,80,000-ஐக் கெல்வின் வெப்பநிலையின் வர்க்கத்தால் வகுத்து, 3.40 கழிப்பது. குவார்ட்ஸ் ப்ளஸ் 12 பெர்மில் என்று வைத்துக்கொள்ளுங்கள். 250 டிகிரி போட்டால் நீர் ப்ளஸ் 3. 350 போட்டால் ப்ளஸ் 6.7. முதலாவதைப் பார்த்தவர் மழைநீர் கலந்தது என்பார், இரண்டாவதைப் பார்த்தவர் பாறைக்குழம்பு நீர் என்பார். கல் ஒன்றுதான், மாறியது நீங்கள் போட்ட எண். குமிழி மறையும் வெப்பநிலையை அப்படியே எடுத்துப் போட்டதால் வந்த வினை. அது கல் உருவான வெப்பநிலையின் கீழ் எல்லை மட்டும். ஆழத்தில் இருந்த அழுத்தத்துக்கு ஏற்பக் கூட்ட வேண்டும். பாறைக்குழம்பு நீரும் உருமாற்றப் பாறை நீரும் ஆக்சிஜனில் பெரிய பரப்புக்கு ஒன்றின்மேல் ஒன்று விழும் என்பதால், ஆக்சிஜன் எண் ஒன்றை வைத்து இரண்டையும் பிரித்துவிட்டேன் என்று எழுதினால் வைவாவில் மாட்டுவீர்கள்.

ஹைட்ரஜன் எண் நம்ம ஊர் மழைநீர் மாதிரியே இருக்கிறது. ஆச்சரியமில்லை. பொடியைச் சூடாக்கியோ நொறுக்கியோ நீரை எடுக்கும்போது எல்லாக் குடும்பமும் ஒன்றாகத் திறந்துகொள்ளும், பின்னால் விரிசலில் புகுந்தவையும் சேர்ந்து. இந்த ஊர்க் காற்றின் ஈரமும் பொடிமேல் ஒட்டியிருக்கும். அனுப்பும் முன் வெற்றிடத்தில் 100 டிகிரிக்குச் சற்று மேலே ராத்திரி முழுக்க உலர்த்தச் சொல்லுங்கள். பின்னால் வந்த வரிசைகள் குறைவாக உள்ள சிப் எது என்று மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, அதே கல்லிலிருந்து பொடி எடுங்கள். ரேகையில் கூடவே வளர்ந்த மைக்கா கிடைத்தால் அதன் ஹைட்ரஜனை அளப்பது இதைவிட நம்பகமானது.

கந்தக எண்ணில் வெப்பநிலை வரவே இல்லை. ஸ்ஃபாலரைட்டும் (துத்தநாக சல்ஃபைடு) கலீனாவும் (ஈய சல்ஃபைடு) சேர்ந்து வளர்ந்திருந்தால் ஸ்ஃபாலரைட் எண் எப்போதும் பெரிதாக இருக்கும். வித்தியாசம் 2 பெர்மில் என்றால் சுமார் 330 டிகிரி, 3 என்றால் சுமார் 220. கலீனா பெரிதாக வந்தால் இரண்டும் ஒரே சமயம் வளரவில்லை, இல்லையென்றால் பொறுக்கும்போது ஒன்றில் மற்றது கலந்துவிட்டது. பாலிஷ் செய்த துண்டை எதிரொளி மைக்ரோஸ்கோப்பில் வைத்து, ஒன்றை மற்றது வெட்டி ஓடுகிறதா என்று பாருங்கள். வெட்டினால் அந்த ஜோடியை விட்டுவிட வேண்டியதுதான்.

கார்பனேட்டின் ஆக்சிஜன் மைனஸ் 18, போன வருஷம் வந்த அறிக்கையில் ப்ளஸ் 12.4. சண்டைக்குப் போகும் முன் தலைப்பு வரியைப் படியுங்கள். ஒன்று வி-பிடிபி அளவுகோல், மற்றது வி-ஸ்மோ, பூஜ்யத்தை வேறு வேறு இடத்தில் வைப்பவை. இரண்டும் சொல்வது ஒரே அளவைத்தான்.

ஸ்டாண்டர்டே தப்பாக வருகிறது

சிப்பையும் கையையும் குறை சொல்லி முடித்த பிறகும், நோட்டில் மூன்று எண்ணும் தள்ளிப்போயிருந்தால் அது இயந்திரம். மூன்றும் ஒரே அளவு தள்ளியிருந்தால், உதாரணமாக எல்லாம் 1.2 கூடுதல் என்றால், திருத்தம் போட்டுக்கொண்டு வேலையைத் தொடரலாம். பூஜ்யம் சரியாக இருந்து 374 மட்டும் 369 என்று வந்தால் முதலில் தட்டின் மேல் இருக்கும் கண்ணாடி வில்லையைத் துடைத்து, சிப் ஒட்டி உட்கார்ந்திருக்கிறதா பார்த்து இன்னொரு தடவை அளங்கள். எண் நிலைகொள்ளாமல் குதித்தால் கேபிளை லேசாக அசைத்துப் பாருங்கள். அசைக்கும்போது குதிப்பு கூடினால் இணைப்பு தளர்ந்திருக்கிறது. கூடவில்லை என்றால் தட்டுக்குள் இருக்கும் சென்சர். அதைத் திறக்க நமக்கு உரிமையும் இல்லை, கையும் இல்லை.

போன் செய்யும்போது "வேலை செய்யல சார்" என்று மட்டும் சொன்னால் ஆள் வந்து சேரப் பத்து நாள் ஆகும். கடைசி மூன்று மாதத்து ஸ்டாண்டர்ட் எண்களைத் தேதியோடு படித்துக் காட்டுங்கள். என்ன பாகம் எடுத்து வர வேண்டும் என்று அவருக்கு அங்கேயே தெரிந்துவிடும்.